பூட்டான் போகிறீர்களா? ஒரு இரவு கூடுதலாகத் தங்குங்கள்

பூட்டானுக்குப் போய்வந்தவன் என்று தெரிந்தால் போதும், "அங்கே பாதுகாப்பெல்லாம் எப்படி?" என்று கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர் மனதில் இருப்பது பர்ஸ் திருடன், ஏமாற்றும் டாக்சிக்காரர், இருட்டியபின் தெருவில் தனியாக நடக்கும் பெண். இவற்றுக்குப் பதில் சொல்வது சுலபம். திம்புவின் கடைவீதியில் இரவு உணவுக்குப் பிறகு நடந்திருக்கிறேன். பெண்கள் தனியாகவும் குழந்தையைக் கைப்பிடித்துக்கொண்டும் இயல்பாகப் போய்வருகிறார்கள். போக்குவரத்து சிக்னல் விளக்கு இல்லாத தலைநகரம் அது. நாற்சந்தியில் வண்ணம் தீட்டிய சிறு மண்டபத்துக்குள் நின்று, வெள்ளைக் கையுறை அணிந்த போலீஸ்காரர் கையசைக்கிறார். வண்டிகள் ஹாரன் அடிக்காமல் நிற்கின்றன. நம் ஊர்க்காரருக்கு இதை நம்பவே சற்று நேரம் ஆகும்.

மனிதர்களால் உங்களுக்கு அங்கே பெரிய தொல்லை ஏதும் வராது. மலை, சாலை, வானிலை இவை மூன்றும்தான் தொல்லை தரும். அந்தத் தொல்லையை ஆபத்தாக மாற்றுவது பெரும்பாலும் நாம் ஊரிலிருந்தே எழுதி எடுத்துக்கொண்டு போகும் பயணத் திட்டம்.

இதற்குள் ஒரு பணக் கணக்கு ஒளிந்திருக்கிறது. கொரோனாவுக்காக மூடிய எல்லையை 2022 செப்டம்பர் 23 அன்று பூட்டான் மறுபடி திறந்தது. அப்போது வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 200 டாலர் 'நிலைத்த வளர்ச்சிக் கட்டணம்' என்று வைத்தார்கள். கூட்டம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அதை 100 டாலராகக் குறைத்தார்கள்; 2027 ஆகஸ்ட் இறுதிவரை இதே கட்டணம் என்பது அறிவிப்பு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் போகும் தமிழர்களுக்கு இந்தக் கட்டணமும், அதோடு விசாவும் உண்டு. இந்தியர்களுக்கு விசா வேண்டாம், நுழைவு அனுமதி போதும். கட்டணம் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதி, அதற்கும் சின்னக் குழந்தைக்கு ஒன்றுமில்லை. இரவுக் கணக்கில் வசூலிக்கிறார்கள் என்றதும் நம் மூளை உடனே இரவுகளைக் குறைக்கத் தொடங்கிவிடுகிறது. ஏழு நாள் பயணம் ஐந்தாகிறது, ஐந்து நான்காகிறது. பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் மட்டும் குறைவதில்லை. திம்பு, புனாகா, பாரோ, செலே லா கணவாய், தக்சாங் மடம், முடிந்தால் போப்ஜிகா பள்ளத்தாக்கு என்று எல்லாவற்றையும் அந்த நான்கு நாளுக்குள் திணிக்கிறோம். விளைவு, இருட்டிய பிறகு மலைச்சாலையில் ஓடும் வண்டி, வந்திறங்கிய மறுநாளே நாலாயிரம் மீட்டர் உயரம், தூங்காத ஓட்டுநர்.

எல்லையிலிருந்தே தொடங்குகிறேன். தரைவழியாகப் போகிறவர்கள் மேற்கு வங்கத்தின் ஹாசிமாரா ரயில் நிலையத்தில் இறங்கி ஜெய்காவ்ன் வந்து, நுழைவாயில் வளைவு ஒன்றைத் தாண்டிப் பூட்டானின் எல்லை ஊரான புன்ட்சோலிங்குக்குள் நுழைவார்கள். இந்தப் பக்கம் இரைச்சலும் சைக்கிள் ரிக்‌ஷாவும். அந்தப் பக்கம் பெருக்கிய நடைபாதை. நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் ஆதார் அட்டை. அது செல்லாது. குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது வாக்காளர் அடையாள அட்டை, இவ்விரண்டில் ஒன்று அசலாகக் கையில் வேண்டும். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ், அதுவும் ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது. தமிழில் மட்டும் அச்சான சான்றிதழைக் குடிவரவு மேசையில் யாரும் படித்துக் காட்டப்போவதில்லை. அனுமதித் தாளைப் பெட்டியின் அடியில் போட்டுவிடாதீர்கள். புன்ட்சோலிங்குக்குச் சற்று மேலே ரிஞ்செண்டிங் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். திம்புவைத் தாண்டிப் புனாகா பக்கம் போகும்போது ஹொங்ட்சோவிலும் கேட்பார்கள். வழிகாட்டி கட்டாயமா, எந்த ஊருக்குக் கட்டாயம் என்ற விதிகள் சில ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன. போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்பிப் புறப்படாமல், புறப்படும் மாதத்தில் பூட்டான் அரசின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சாலை. புன்ட்சோலிங்கிலிருந்து திம்பு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விழுப்புரம்வரை போகும் தூரம்தானே என்று நினைத்தால், அந்த நினைப்பை எல்லையிலேயே விட்டுவிடவேண்டும். நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. ஆறு ஆனாலும் வியப்பில்லை. சமவெளியிலிருந்து சட்டென்று எழும் மலை என்பதால் முதல் பகுதி முழுவதும் கொண்டை ஊசி வளைவுகள். சோர்சென் அருகே மழைக்காலத்தில் மண் சரிவது வழக்கம். கெடு என்ற ஊரை ஒட்டிப் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கைத் தவிர வேறெதுவும் தெரியாது. இந்தச் சாலையை 1961இல் தொடங்கிப் போட்டுத் தந்தது இந்திய எல்லைச் சாலை நிறுவனத்தின் 'தண்டக்' திட்டம். இன்றும் வழிநெடுக அவர்கள் நட்ட பலகைகளில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் எதுகை மோனை வாசகங்கள் இருக்கின்றன. சிரிப்பு வரும், ஆனால் ஓட்டுநருக்கு அந்தப் பலகை சொல்வதைத்தான் நாமும் சொல்லவேண்டும். தண்டக் நடத்தும் சிற்றுண்டிச் சாலைகளில் தோசை கிடைக்கும். அதன் தரத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை. பசியும் குளிரும் சேர்ந்த அந்த வேளையில் அது தோசைதான்.

சாலையைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி, இருட்டுவதற்குள் படுக்கவேண்டிய ஊருக்குப் போய்விடுவது. குளிர்காலத்தில் ஐந்தரை மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை தோச்சுலா போன்ற கணவாய்களில் காலை நேரத்தில் தார்ச்சாலைமேல் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும். பனி பெய்து வெள்ளையாக இருக்கும் சாலையைவிட, ஈரம்போலத் தெரியும் இந்தக் கறுப்புச் சாலைதான் மோசம். எட்டரை மணிக்குமேல் வெயில் ஏறிய பிறகு கணவாயைக் கடக்கும்படி திட்டமிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஓட்டுநர் அவசரப்படுகிறார் என்றால் பெரும்பாலும் நாம்தான் அவரை அவசரப்படுத்தியிருப்போம். "இன்னும் இரண்டு இடம் பார்த்துவிடலாமே" என்று பின்சீட்டிலிருந்து கேட்கும் குரலுக்கு அவர் மரியாதையாகத் தலையாட்டுவார். பூட்டானியர்கள் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது குறைவு. அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர்வரை மழைக்காலம். அறைகள் மலிவு, பள்ளத்தாக்கு பச்சைப்பசேல் என்று சொல்லி அழைப்பார்கள், இரண்டும் உண்மைதான். கூடவே நிலச்சரிவும் உண்மை. 2021 ஜூன் மாதம் லாயாவுக்கு அருகே மலையில் மூலிகைப் பூஞ்சை சேகரிக்கப் போய்க் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் பத்துப் பேரை ஒரே இரவில் காட்டாற்று வெள்ளம் கொண்டுபோனது. மலையை அறிந்தவர்களுக்கே அந்த நிலை. அக்டோபர் வந்துவிட்டால் மழை முடிந்தது என்றும் எண்ணிவிடாதீர்கள். 2025 அக்டோபர் தொடக்கத்தில் டார்ஜிலிங் மலையிலும் மலையடிவார டூவர்ஸ் பகுதியிலும் பெய்த பெருமழையில் சாலைகளும் பாலங்களும் போயின. பூட்டானுக்குத் தரைவழியாகப் போகிறவர் கடக்கவேண்டிய நிலம் அதுதான்.

உயரத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு. ஒரு கட்சி, "ஆக்சிஜன் இல்லாத ஊராமே" என்று சிலிண்டர் தேடும். இன்னொரு கட்சி, "ஊட்டிமாதிரிதான்" என்று கைவீசும். திம்புவையும் பாரோவையும் மட்டும் பார்த்தால் இரண்டாம் கட்சி சொல்வதே சரி. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். பாரோ அதே அளவு, திம்பு அதைவிட நூறு மீட்டர்போலக் கூடுதல். புனாகா வெறும் 1,200 மீட்டர்; அங்கே வாழைமரம் இருக்கிறது. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். எனவே பெரும்பாலானோருக்கு முதல் இரண்டு நாள் லேசான மூச்சிரைப்பு, தூக்கக் குறைவு, அவ்வளவுதான்.

கணக்கு மாறுவது செலே லாவில். பாரோவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காரிலேயே 3,988 மீட்டருக்கு ஏற்றிவிட்டுவிடுகிறார்கள். நம் தொட்டபெட்டா சிகரத்தைவிட அது 1,350 மீட்டர் உயரம். மேலே காற்றில் படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகள். வானம் திறந்திருந்தால் ஜோமொல்ஹாரி சிகரம். அதைப் பார்த்த உற்சாகத்தில் கொடிகள் கட்டிய மேட்டின்மேல் ஓடி ஏறுகிறவர்கள் நம்மவர்கள்தான். எங்கள் வண்டியில் வந்த ஒரு பெரியவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், பத்து நிமிடத்தில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வழிகாட்டி எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அவரை வண்டியில் ஏற்றி, கீழே இறக்கச் சொல்லிவிட்டு, எங்களை அடுத்த வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்தார். பாரோ வந்து சேர்வதற்குள் பெரியவருக்குச் சரியாகிவிட்டது. உயர நோய்க்கு முதல் மருந்து இறங்குவதுதான். சுடுதண்ணீர், பூண்டு, கற்பூரம் எல்லாம் மனத்திருப்திக்கு. நடக்கும்போது தள்ளாடுவது, பேச்சு குழறுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் இறங்கி மருத்துவமனைக்குப் போகவேண்டும். 'டயமாக்ஸ்' என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டசோலமைட் மாத்திரையைப் பக்கத்துவீட்டுக்காரர் பரிந்துரையில் விழுங்காதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. இதய நோயாளிகள் செலே லாவை விட்டுவிடலாம். பூட்டானின் அழகு அந்த ஒரு கணவாயில் மட்டும் இல்லை.

இன்னொன்று. உயர நோய் என்று பலர் பயப்படுவது வெறும் வளைவு நோய். காலையில் பூரி சாப்பிட்டுவிட்டுக் கடைசி சீட்டில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தால் வாந்தி வரத்தான் செய்யும். இரண்டாயிரம் மீட்டருக்குக் கீழே வரும் வாந்திக்கு வளைவுகளையே குற்றம் சொல்லலாம்.

தக்சாங் மடத்துக்கு ஏறாமல் யாரும் திரும்புவதில்லை. அதனால் அதற்கு ஒரு நாளைத் தனியே ஒதுக்குங்கள். 1692இல் பாறை முகட்டில் கட்டிய மடம், 1998இல் தீயில் எரிந்து, மறுபடி எழுப்பப்பட்டது. 3,120 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்கின் தரையிலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே நிற்கிறது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து காட்டுவழியே ஏற்றம். பாதி வழியில் தேநீர் விடுதி. மடம் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் இடத்துக்கு வந்தபிறகுதான் வேடிக்கை. அங்கிருந்து நூற்றுக்கணக்கான படிகள் அருவிவரை இறங்கி, மறுபடி ஏறவேண்டும். திரும்பும்போதும் இதே இறக்கம், இதே ஏற்றம். முழங்கால் வலிக்காரர்கள் அந்தத் தேநீர் விடுதியிலேயே உட்கார்ந்து மடத்தைப் பார்த்துவிட்டு இறங்குவதில் எந்தக் குறையும் இல்லை. குதிரை கிடைக்கும், ஆனால் பாதிவரைதான், அதுவும் ஏறுவதற்கு மட்டுமே. இறங்கும்போது அவரவர் கால்தான். ஏழு, ஏழரைக்குள் நடக்கத் தொடங்குங்கள். பிடிமானமுள்ள ஷூ வேண்டும். பட்டுப்புடவையும் தோல் செருப்புமாக ஏறிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை அங்கே பார்த்தேன்; கோயிலுக்குப் போகிறோம் என்ற நினைப்பு. நினைப்பு சரி, செருப்பு சரியில்லை. கைப்பேசி, கேமரா, பை எல்லாவற்றையும் வாசலில் பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகமுடியும். இந்த ஏற்றத்தைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளினால் உடம்பு உயரத்துக்குப் பழகியிருக்கும். வந்த மறுநாளே ஏறச் சொல்லும் திட்டத்தை மாற்றச் சொல்லி வாதாடுங்கள்.

மலை ஏறுவதைப் பற்றி அந்த நாட்டின் எண்ணமே வேறு. 1994இல் ஆறாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுவதைத் தடை செய்தார்கள். 2003இல் மலையேற்றத்தையே முற்றாக நிறுத்தினார்கள். 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புன்சும் இன்றும் மனிதக் கால் படாத சிகரம். சிகரம் என்றாலே தெய்வம் குடியிருக்கும் இடம் என்று நம்புகிறவர்களின் ஊருக்குத்தான் நாம் 'எல்லாப் பாயின்டையும் கவர் செய்ய' போகிறோம்.

இதனாலேயே நடத்தையும் பாதுகாப்பில் சேர்ந்ததாகிறது. தோச்சுலா கணவாயில் 108 சோர்ட்டன்கள், அதாவது சிறு தூபிகள், வரிசையாக நிற்கின்றன. பூட்டானின் தென்பகுதிக் காடுகளில் முகாமிட்டிருந்த அசாம் கிளர்ச்சியாளர்களை வெளியேற்ற 2003 டிசம்பரில் நடந்த சண்டையில் இறந்தவர்களின் நினைவாக, அரசியின் முயற்சியில் எழுந்தவை அவை. 2019 அக்டோபரில் மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இந்தியர் அந்த நினைவிடத்தில் ஒரு தூபியின்மேல் ஏறிப் படத்துக்கு நின்றார். படம் பரவியது. போலீஸ் பிடித்தது, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்தது, மன்னிப்புக் கேட்டபிறகு விட்டது. அவர் அடைந்த அவமானத்தைவிட, அந்த வாரம் முழுவதும் இந்தியப் பயணிகள்மேல் விழுந்த பார்வை அதிகம். ஜோங் என்னும் கோட்டைமடங்களுக்குள் முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை, தொப்பியைக் கழற்றிவிடுங்கள், தூபியை வலம்வருவதில் நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. கருவறைக்குள் படமெடுக்கக் கூடாது என்பதும் நம் கோயில் வழக்கம்தான். மன்னர் குடும்பத்தைப் பற்றிக் கேலி வேண்டாம். சிகரெட் விற்பனைக்கு 2004 முதல் இருந்த தடை 2021இல் தளர்ந்துவிட்டது என்றாலும், பொது இடத்தில் பற்றவைப்பது குற்றம். சாலையோரத்தில் களையாக வளரும் கஞ்சாச் செடியைப் பார்த்து இளைஞர்கள் யாரும் துள்ளவேண்டாம். கையில் இருந்தால் சிறைதான்.

ஆற்றைப் பற்றிப் பலரும் சொல்வதில்லை. புனாகா ஜோங் போ சூ, மோ சூ என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனையில் இருக்கிறது. 1994 அக்டோபர் 7 அன்று மலைமேல் லுக்யே ஏரியின் கரை உடைந்து, பனி உருகிய நீர் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. இருபது பேருக்குமேல் இறந்தார்கள். ஜோங்கின் ஒரு பகுதியும் சேதமடைந்தது. இன்று ஆற்றை ஒட்டி எச்சரிக்கைச் சங்குகள் வைத்திருக்கிறார்கள். சங்கு ஊதினால் என்னவென்று பார்க்க ஆற்றங்கரைக்குப் போகாமல் மேட்டுக்கு ஏறவேண்டும். சுற்றுலா வந்த குழந்தைகள் கூழாங்கல் பொறுக்கும் அந்த மணல்திட்டில் அரை மணி நேரம் இருப்பதில் தவறில்லை; நீருக்குள் இறங்குவது தவறு. நிலநடுக்கமும் அந்த மண்ணுக்குப் புதிதல்ல. 2009 செப்டம்பரில் கிழக்குப் பூட்டானில் ரிக்டர் அளவில் ஆறைத் தாண்டிய நடுக்கம் உயிர்களைக் கொண்டுபோனது.

உடம்பு சரியில்லை என்றால் திம்புவில் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் தேசிய மருத்துவமனை இருக்கிறது. ஆம்புலன்ஸ் எண் 112, போலீஸ் 113, தீயணைப்பு 110. ஆனால் பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் பூட்டான் அரசே தன் மக்களை இந்தியாவுக்குத்தான் அனுப்புகிறது. நான் தமிழ்நாடு என்று சொன்னதும் எங்கள் வழிகாட்டி கேட்டது மெரினாவைப் பற்றியோ மீனாட்சி அம்மன் கோயிலைப் பற்றியோ அல்ல, "வேலூர் பக்கமா?" என்றுதான். அவருடைய மாமா சிஎம்சியில் பல வாரங்கள் இருந்து திரும்பியவராம். ஆகவே ஹெலிகாப்டர் மீட்பையும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். மலிவான பாலிசிகள் பலவற்றில் நடைப்பயண உயரத்துக்கு ஒரு வரம்பு பொடி எழுத்தில் இருக்கும், அதைப் படியுங்கள். தினமும் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கூடுதலாக ஒரு வாரத்துக்குக் கொண்டுபோங்கள்.

தெருநாய்கள் பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் குரைக்கும். 2023இல் எல்லாத் தெருநாய்களுக்கும் கருத்தடை முடித்துவிட்டோம் என்று நாடு அறிவித்துக்கொண்டது. குரைப்புக்கு எந்தச் சிகிச்சையும் நடக்கவில்லை. காதுக்குப் பஞ்சு வேண்டும். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் எமா தட்சி, அதாவது பச்சை மிளகாயையே காய்கறியாக்கிப் பாலாடைக்கட்டியில் வேகவைத்தது, ஆந்திரக்காரர்களையே அடக்கிவிடும். சைவர்களுக்குக் காளானும் உருளைக்கிழங்கும் அதே பாலாடைக்கட்டியில் கிடைக்கும். மூன்றாம் நாள் வயிறு முறையிட்டால் வெறும் சோறும் பருப்பும் கேளுங்கள், தருவார்கள்.

பணத்துக்கு அதிகம் யோசிக்கவேண்டாம். பூட்டான் பணமான இங்குல்ட்ரம் ஒன்று நம் ஒரு ரூபாய். நம் நோட்டுகளைக் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட நோட்டுகளில் 25,000 ரூபாய்வரைதான் கொண்டுபோகலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. நூறு ரூபாய்க் கட்டுகளாகக் கொண்டுபோனால் அந்தக் கவலையும் இல்லை. 2021 ஜூலையிலிருந்தே யுபிஐ அங்கே செல்லும் என்றாலும், மலைமேல் தேநீர்க் கடையில் அதை நம்பி நிற்காதீர்கள்.

விமானத்தில் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பாரோ விமான நிலையம் 2,200 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலைகள் அடைத்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. பயிற்சி பெற்ற சில விமானிகளே அங்கே இறக்க அனுமதி பெற்றவர்கள். கண்ணுக்கு வழி தெரிந்தால்தான் இறக்குவார்கள். இருட்டியபின் விமானமே கிடையாது. பிற்பகலில் காற்று எழும் என்பதால் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே வந்துபோகின்றன. மேகம் அடைத்தால் காத்திருக்கவேண்டும், அல்லது வேறு ஊரில் இறக்குவார்கள். இறங்கும்போது இறக்கையின் நுனிக்குப் பக்கத்தில் வீட்டுக்கூரை தெரிவதைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. விமானி அவசரப்படாமல் திரும்பிப்போகிற பழக்கம்தான் அந்த நிலையத்தின் பாதுகாப்பு. எனவே பாரோவிலிருந்து கொல்கத்தா, அதே மாலை வேறு டிக்கெட்டில் சென்னை என்று போட்டுவைத்தால் ஒரு மேகம் இரண்டாவது டிக்கெட்டின் பணத்தை விழுங்கிவிடும். கடைசி இரவைப் பாரோவில் வையுங்கள், அடுத்த இரவைக் கொல்கத்தாவில். தரைவழியாகத் திரும்புகிறவர்கள் ரயிலுக்கு முந்தைய இரவு புன்ட்சோலிங்கில் தங்கிவிடுவது நல்லது. அங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு: பூட்டான் கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடும். ஹாசிமாரா ரயில் இந்திய நேரத்தில் வரும், ஓட்டுநர் சொல்வது பூட்டான் நேரம், கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறதோ அந்த நேரம். முதல்நாள் இரவே யாருடைய கடிகாரத்தில் பேசுகிறோம் என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.